இடது பள்ளம், வலது பள்ளம்

பேச்சு நின்றுபோன வீட்டில் சத்தம் குறையும் என்று யார் சொன்னது? போன ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் நடந்த சண்டைக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் கதவுகள் பேசின, பாத்திரங்கள் பேசின, வாசலில் கழற்றி வீசிய செருப்புகூடப் பேசியது. மிச்சத்தைப் பென்சில் பேசினாள்.

பென்சில் என்பது அந்த வீட்டு நாத்தனார். சின்ன வயதில் எந்நேரமும் காதில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு திரிந்ததால் அண்ணன் வைத்த பெயர். இப்போது கம்ப்யூட்டரில்தான் வரைகிறாள், காது காலியாகத்தான் இருக்கிறது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. சில மாதங்களுக்கு முன்பு புருஷன் வீட்டை விட்டு ஒரே ஒரு பையோடு இங்கே வந்து இறங்கியவள். அவளுக்காக அண்ணன் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்த பழைய குட்டிக் கம்ப்யூட்டர், சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும், கூடத்து மூலையில் செருப்பு அலமாரி இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"பென்சிலு, பால் தீர்ந்துபோச்சுன்னு உங்கண்ணன்கிட்ட சொல்லு" என்பாள் அண்ணி.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருப்பான் புருஷன்.

"அண்ணா, பால் தீர்ந்துபோச்சாம்."

"தெரியும்னு சொல்லு."

"தெரியுமாம் அண்ணி."

முதல் இரண்டு நாள் பென்சிலுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை.

சண்டைக்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, அதாவது பெரிய காரணம்தான். அண்ணி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அன்றைக்கு இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு, "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டு வீட்டுக்கு வந்தால், கூடத்தில் காலை நீட்ட இடமில்லை. டிவி போடக் கூடாது, விளக்கை அணைக்கக் கூடாது. என்ன என்று கேட்டால், "படம் சேவ் ஆகுது அண்ணி." அந்தக் கம்ப்யூட்டர் ஒரு படத்தைச் சேமிப்பதற்குள் பென்சில் போய்த் துணி மடித்துவிட்டு வந்துவிடுவாள். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அண்ணி புருஷனிடம் கொட்டிவிட்டாள்.

"இன்னும் எத்தனை நாளைக்குத்தான் இப்படி? அவ வீட்டுக்கு அவ போனா என்னவாம்?"

சொன்ன மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னதைத் திரும்ப விழுங்க முடியுமா? புருஷன் கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனான். அன்றைக்குக் கம்ப்யூட்டர் வேகமாக ஓட, படங்களைச் சேமிக்கும் டிஸ்க்கைப் புதுசாக மாட்டித் தருவதாகத் தங்கைக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அதுவும் அப்படியே நின்றது. புது டிஸ்க் டப்பாவோடு அலமாரியில் தூங்கியது.

அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் பென்சிலின் எதிர்காலம் இருந்தது, மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஒரு பதிப்பகத்தின் உயிரியல் பாடப்புத்தகத்துக்கு முழுக்க முழுக்க அவள்தான் படம் போடுகிறாள். தவளையின் இதயம், காதின் உள்பகுதி, இலையின் குறுக்குவெட்டு என்று ஒரு வருஷ உழைப்பு. திங்கட்கிழமை அத்தனையையும் ஒப்படைக்க வேண்டும். பிடித்துப்போனால் நிரந்தர வேலை, கையில் மாதச் சம்பளம், தனக்கென்று ஒரு அறை.

இன்று காலை பதிப்பாசிரியரம்மா கூப்பிட்டார் என்று பென்சில் பதிப்பகத்துக்குப் போயிருந்தாள். சாயந்திரம்தான் வருவாள்.

இதுதான் சமயம் என்று அண்ணி முடிவு கட்டினாள். ஒரு வாரமாக நெஞ்சில் முள் மாதிரி உறுத்திக்கொண்டிருந்ததை வாயால் சொல்லி மன்னிப்புக் கேட்க அவளுக்கு வராது. செய்துதான் காட்ட வரும். சாயந்திரம் பென்சில் வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் அது பளிச்சென்று எழுந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் போய் நின்றாள்.

"இது ரொம்பச் சுலபம்க்கா" என்று அந்தப் பெண் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். மேலே இரண்டு பள்ளம், நடுவில் ஒரு பட்டன். "கம்ப்யூட்டரே தேவையில்ல. உள்ள இருக்கிற பழைய டிஸ்க்கைக் கழட்டி இடது பள்ளத்துல வைங்க. புதுசை வலது பள்ளத்துல வைங்க. பட்டனை அமுக்குங்க. இடதுல இருக்கிறது அப்படியே வலதுக்குப் போயிடும். எல்லா விளக்கும் எரிஞ்சா முடிஞ்சதுன்னு அர்த்தம். அப்புறம் புதுசை உள்ள மாட்டிடுங்க."

"தப்பா ஏதாச்சும் ஆயிட்டா?"

"இடது வலது மாறாம இருந்தாப் போதும்க்கா. மாறிச்சுன்னா போச்சு."

மாறக் கூடாது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள். இடது பழசு, வலது புதுசு. பக்கத்துச் சீட்டில் இருந்தவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கைகழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். மூடியின் திருகுகள் தளர்வாகவே இருந்தன, நல்லவேளை என்று நினைத்தாள். உள்ளே இருந்த டிஸ்க்கைக் கழற்றி இடது பள்ளத்தில் வைத்தாள். அலமாரியிலிருந்த டப்பாவைத் திறந்து அதிலிருந்ததை வலது பள்ளத்தில் வைத்தாள். டப்பாவில் இருந்தது கொஞ்சம் கனமாக இருந்தது. புதுசு என்றால் கனமாகத்தானே இருக்கும், சரக்கு இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள். ஒன்றுக்கு இரண்டு தடவை இடது வலது சரிபார்த்துக்கொண்டு பட்டனை அமுக்கினாள்.

விளக்கு ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கியது. அண்ணி சுவரில் சாய்ந்தாள். ஒரு கப் டீ போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தவள் எழுந்திருக்கவேயில்லை. வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டாள்.

கண் விழித்தபோது எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அப்பாடா! வலது பள்ளத்திலிருந்ததை எடுத்து உள்ளே மாட்டி, திருகி, பொத்தானை அழுத்தினாள்.

கறுப்புத் திரை. அதில் வெள்ளையாக ஒரு வரி. உள்ளே எதுவுமே இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது.

சரி, புதுசில்தான் ஏதோ கோளாறு. பழசு இருக்கிறதே, அதையே மாட்டிவிடுவோம். கழற்றினாள், இடது பள்ளத்திலிருந்ததை மாட்டினாள், பொத்தானை அழுத்தினாள்.

அதே கறுப்பு, அதே வரி.

புதுசு வேலை செய்யாமல் போகலாம். காலை வரைக்கும் ஓடிக்கொண்டிருந்த பழசு எப்படிச் செத்துப்போகும்? கழற்றித் தூக்கிப் பார்த்தாள். இந்தப் பழசு ஏன் இவ்வளவு லேசாக, ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருக்கிறது? அப்போதுதான் மூடித் திருகுகள் தளர்ந்திருந்தது ஞாபகம் வந்தது.

போனை எடுத்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு புருஷனின் நம்பரை அழுத்தினாள்.

"என்னங்க..."

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில் நின்றுகொண்டிருந்தான் போல, காற்றுதான் கேட்டது.

"சொல்லு" என்றான், கரகரத்த குரலில்.

"கம்ப்யூட்டரைத் தொட்டீங்களா?"

"பாத்துட்டியா?" குரலில் குழந்தைத்தனமாக ஒரு பெருமை. "சாயந்திரம் சொல்லலாம்னு இருந்தேன். காலையில நீங்க ரெண்டு பேரும் கிளம்பினதும் புதுசை மாட்டி முடிச்சுட்டேன். உள்ள இருந்ததையெல்லாம் மாத்தறதுக்கு நம்ம கூட்டாளி ஒருத்தன் ஆறு மணிக்கு மேல வர்றான். பழசைப் பத்திரமா அந்தப் புது டப்பாவுலயே போட்டு வச்சிருக்கேன், தொலைஞ்சுடக் கூடாதுன்னு."

அண்ணி கையிலிருந்த லேசான டிஸ்க்கைப் பார்த்தாள், இதுதான் புதுசு.

அது அவன் தொழில் பழக்கம். லிஃப்டில் எந்தச் சாமானை மாற்றினாலும் முதலில் புதுசைப் பூட்டிவிடுவான். கழற்றிய பழசைப் புதுசு வந்த டப்பாவிலேயே போட்டுக் கட்டடக்காரரிடம் காட்டுவான். அவளுக்கு இது தெரியாதா? கல்யாணமான நாளிலிருந்து தெரியும். வீட்டில் பல்பு மாற்றினாலும் ஃப்யூஸான பல்பு புது அட்டைக்குள்தான் போய் உட்காரும்.

"என்ன ஆச்சு? ஏன் பேசமாட்டேங்கிற?"

சொன்னாள். திக்கித் திக்கிச் சொன்னாள். இடது பள்ளம், வலது பள்ளம், ஒன்றுமே இல்லாத புதுசை எடுத்து, எல்லாமே இருந்த பழசின் மேல் முழுசாகப் படியவைத்துவிட்டதைச் சொல்லி முடித்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்ன?" என்று அவன் கத்தினான்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?" என்று அவளும் கத்தினாள்.

பதில் இரண்டு பேருக்கும் தெரியும்.

"சரி, கேளு" என்றான் கடைசியில், குரலைத் தாழ்த்தி. "நான்தான் பண்ணேன்னு சொல்லிடு. என்கிட்ட ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா, அப்புறம் விட்டுடுவா. நீன்னு தெரிஞ்சா..." நிறுத்திக்கொண்டான். "வேற மாதிரி நினைச்சுக்கப் போறா. நான் கிளம்பி வர்றேன்."

ஆஸ்பத்திரிப் பெண்ணுக்கும் போன் போட்டுப் பார்த்தாள். "அழிச்சிருந்தா எப்படியாவது தோண்டி எடுக்கலாம்க்கா. நீங்க அதுமேலயே கடைசி வரைக்கும் வெறுமையா எழுதிட்டீங்களே. அதுல இனிமே ஒண்ணும் இருக்காது" என்றாள் அந்தப் பெண். பாவம், அவள் குரலும் இறங்கிப்போயிருந்தது.

பென்சில் படியேறி வரும் சத்தம் கேட்டது. இரண்டிரண்டு படியாக ஏறுகிறாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்படி ஏறியதில்லை.

"அண்ணி! திங்கட்கிழமை கொண்டு வந்து குடுத்துட்டா, அதுக்கடுத்த வாரமே சேந்துக்கலாம்னு சொல்லிட்டாங்க! மேசைகூடக் காட்டினாங்க அண்ணி. ஜன்னல் பக்கம். பக்கத்துல ஒருத்தரு எறும்பு மட்டுமே வரைவாராம், என்னைப் பாத்து..."

திறந்து கிடந்த கம்ப்யூட்டரைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

இந்த இடத்தில் அண்ணி ஒரு நொடி தடுமாறினாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 'உங்கண்ணன்தான்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சுகமான வார்த்தை. சொல்லிவிட்டால் இன்றைக்குப் படுத்துத் தூங்கலாம்.

"நான்தான் பண்ணிட்டேன், பென்சிலு" என்றாள்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பென்சில் கத்தவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் மண்டிபோட்டுப் பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தவளை?" என்று கேட்டாள்.

"எல்லாம்."

"காது? அந்த நத்தை மாதிரி சுருட்டிக்கிட்டு இருக்குமே, அதுவுமா?"

"எல்லாமே போச்சு."

"இலை?"

பென்சில் கம்ப்யூட்டரை அணைத்தாள், மறுபடி போட்டாள், மறுபடி அணைத்தாள். ஓர் ஆள் அழுதால்கூடத் தேற்றலாம். இப்படிப் பொத்தானைப் போட்டுப் போட்டு அணைப்பவளை என்ன செய்வது?

"வேணும்னு பண்ணல, பென்சிலு. சத்தியமா, உனக்கு நல்லது பண்ணணும்னுதான்..."

"வேணும்னு பண்ணலைன்னு எனக்குத் தெரியும் அண்ணி" என்றாள் பென்சில் திரும்பாமலே. "நான் போகணும்கிறதுதானே உங்க ஆசை? போறதுக்கு இருந்த ஒரே வழி இது. இதைப் போய் நீங்களே கெடுப்பீங்களா?"

அண்ணிக்குச் சுரீர் என்றது.

"அன்னைக்குக் குளிச்சிட்டிருந்தப்போ பாதியில தண்ணி நின்னுபோச்சு" என்றாள் பென்சில். "எல்லாம் கேட்டுச்சு."

ஒரு வாரமாக அவள் பால் தீர்ந்ததையும் சாவி எங்கே என்பதையும் இரண்டு பேருக்கும் நடுவில் தூக்கிக்கொண்டு நடந்தாளே, அதையெல்லாம் தெரிந்துகொண்டா நடந்தாள்? அண்ணிக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் களைப்பாக இருந்தது. பொய் சொல்லக்கூடத் தெம்பு இல்லை.

"சொன்னேன்" என்றாள். "அன்னைக்கு மனசுல இருந்ததைத்தான் சொன்னேன். இன்னைக்கும் கொஞ்சம் இருக்கு, இல்லைன்னு சொல்லமாட்டேன். காலை நீட்டிப் படுக்கணும்னு இருக்கு பென்சிலு, அவ்வளவுதான். ஆனா நீ அழுதுக்கிட்டு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகணும்னு ஒருநாளும் நினைக்கல. அந்த ஜன்னல் பக்கத்து மேசைக்குத்தான் போகணும்னு நினைச்சேன்."

பென்சில் அப்போதுதான் அழுதாள். அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தொடலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத் தொட்டாள்.

கதவு தடாலென்று திறந்தது. மூச்சு வாங்க, தோளில் கருவிப் பையோடு அவன் நின்றான்.

"நான்தான் பண்ணேன்!" என்றான்.

"அண்ணி சொல்லிட்டாங்க அண்ணா" என்றாள் பென்சில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

வீர வசனம் இப்படிப் பாதியில் செத்துப்போனதும் அவனுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பெண்டாட்டியைப் பார்த்தான். "டீ குடிச்சியா?" என்று கேட்டான். நேராக அவளிடமே கேட்டான்.

"இல்ல."

அவனே போய்ப் போட்டுக்கொண்டு வந்தான். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து குடித்தார்கள்.

"பதிப்பகத்துல ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டாள் அண்ணி.

"சின்னச் சின்னதா மாதிரிக்கு அனுப்பினதுதான் இருக்கும். அச்சுக்கு ஆகாது." பென்சில் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முதல் பாதிக்கு மட்டும் இன்னொரு காப்பி ஒரு இடத்துல இருக்கு. அங்க இருந்தப்போ வரைஞ்சது. அவரு கம்ப்யூட்டர்ல."

எந்த இடம் என்று கேட்கத் தேவையில்லை, அவள் புருஷன் வீடுதான்.

"அது கிடைச்சாப் போதும்" என்றாள் பென்சில் தனக்குத்தானே சொல்வதுபோல. "மிச்சத்துக்கு ஒரு மாசம் கேட்டுப் பாக்கலாம். பாதியைக் காட்டினா குடுப்பாங்க. ஒண்ணுமே இல்லாமப் போய் நின்னா எப்படிக் குடுப்பாங்க?"

"நான் போறேன்!" அவன் எழுந்துவிட்டான். "சட்டையைப் பிடிச்சு ரெண்டு போட்டு வாங்கிட்டு வர்றேன். அவன் மூஞ்சியிலயே முழிக்கக் கூடாதுன்னு இருந்தேன், பரவாயில்ல."

"வேணாம்ணா. அவரு அடிக்கற ஆளில்ல, திட்டற ஆளில்ல. உன்னை உக்கார வச்சு டீ குடுத்து அனுப்பிடுவாரு." பென்சில் அண்ணியைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாது அண்ணி. அந்த வீட்டுல பீரோ, கம்ப்யூட்டர், மாடிக் கதவு எல்லாத்துக்கும் பூட்டு. எது வேணும்னாலும் கேக்கணும். கேட்டா உடனே குடுத்துடுவாரு, சிரிச்சுக்கிட்டே குடுப்பாரு. ஆனா கேக்கணும். ஒரு பேனாவைக்கூடக் கேட்டுத்தான் வாங்கணும். கேட்டுக் கேட்டே என் குரல் எனக்குப் பிடிக்காமப் போச்சு."

இத்தனை மாதத்தில் அவள் வாயைத் திறந்து இதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. இதற்காகவா ஒருத்தி வீட்டை விட்டு வருவாள் என்று அண்ணியே எத்தனையோ முறை மனசுக்குள் அலுத்துக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு அலுப்பு வரவில்லை.

"நம்பரைச் சொல்லு" என்றாள்.

ஸ்பீக்கரைப் போட்டுத் தரையில் வைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் நடத்துகிறவர், பதற்றமில்லாத குரல்.

"சொல்லுங்க. எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

அண்ணி சுருக்கமாகச் சொன்னாள்.

"அடடா, பாவமே" என்றார் அவர். உண்மையாகவே வருத்தப்படுவதுபோல்தான் இருந்தது. "படமெல்லாம் பத்திரமா இருக்கு. நான் எதையும் தூக்கிப் போடற ஆளில்லையே. தாராளமா குடுக்கறேன். அவளை வந்து கேக்கச் சொல்லுங்க. நேர்ல. ஒரே ஒரு தடவை."

பென்சில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். காலையில் கொண்டுபோன பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "ஒரு தடவைதானே அண்ணி" என்று முணுமுணுத்தாள். அந்தக் குரல் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தவளின் குரலாக இல்லை.

அண்ணி அவள் பையின் வாரைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"அவ வரமாட்டா" என்று போனைப் பார்த்துச் சொன்னாள். "அழிச்சவ நான். நாளைக்குக் காலையில நான் வர்றேன். உங்க வாசல்ல நின்னு கேக்கறேன். எத்தனை தடவை கேக்கணும்னாலும் நானே கேக்கறேன். அவ கேக்கமாட்டா."

அந்தப் பக்கம் லேசான சிரிப்பு.

"நீங்களா? ஆச்சரியமா இருக்கே. அவளை எப்படியாவது இங்க அனுப்பிடணும்னு நீங்கதான் பிடிவாதமா நிக்கறீங்கன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரே. புதன்கிழமை இங்க வந்து டீ சாப்பிட்டுட்டுப் போனாரே, சொல்லலையா?"

போன் வைக்கப்பட்டது.

இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கையில் இருந்த கப்பைக் கீழே வைத்தான். வைத்த இடம் சரியில்லை என்பதுபோல் எடுத்து வேறு இடத்தில் வைத்தான்.

"அண்ணா" என்றாள் பென்சில். "அங்க போய் என்ன கேட்ட? என்னைத் திரும்பச் சேத்துக்கச் சொல்லியா?"